கோத்தா திங்கி வீட்டு காலண்டர்

அண்ணன் பெட்டிய வாங்கிட்டு வரத்தான் நான் மலேசியா போனேன். ஊர் சுத்திப் பாக்க இல்ல. ஆனா திரும்பி வந்தா எல்லாரும் "அங்க என்ன பாத்த, என்ன சாப்ட்ட"ன்னுதான் கேக்குறாங்க. அதனால எல்லாத்தையும் சேத்தே சொல்லிடுறேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. பரமக்குடியில ஒரு தையல் கம்பெனியில காஜா எடுக்குற வேலை. முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

அண்ணன் பேரு பாண்டி. ஜோகூர்ல மாசாய்ங்கற ஊர்ல தங்கி, பக்கத்து ஃபேக்டரி ஒண்ணுல வெல்டிங் வேலை பாத்துச்சு. ரத்தப் புத்துநோய்னு அங்கதான் கண்டுபுடிச்சாங்க. ஆஸ்பத்திரியில பக்கத்து கட்டில்ல படுத்திருந்தவருதான் மணியம். கோத்தா திங்கிக்காரரு, லோரி ஓட்டுனவரு. ரெண்டு பேருக்கும் ஒரே நோவு. அண்ணன் ஊருக்கு வர்றப்ப பெட்டிய அவரு வீட்டுல போட்டுட்டு, "சரியானதும் வந்து எடுத்துக்கிறேண்ணே"ன்னு சொல்லிட்டு வந்துச்சு. சரியாகல. மாசி மாசம் அண்ணன் போயிருச்சு.

பெட்டிய பார்சல்ல போட்டு விடுறேன்னு மணியம் போன் பண்ணாரு. அம்மா ஒத்துக்கல. "எம்புள்ள பொருளு ஆளு கையிலதான் வரணும்"னு ஒரே பிடிவாதம். அப்பா இல்லாத வீடு. நான்தான் போகணும்.

போறதுக்கு முந்தி இன்னொண்ணு சொல்லணும். அது தெரியாம மத்தது புரியாது.

அண்ணன் ஊருக்கு வந்தப்புறம் மதுரையில ஒரு மாத்திரை குடுத்தாங்க. ஊசி மருந்து மாதிரி அடிச்சுக் கொல்ற மருந்து இல்லியாம். உடம்புல ஒரு என்சைம் கெட்டுப்போயி வேண்டாத வேலை பாக்குது, அத அடைக்குற மாத்திரைன்னாங்க. ஒரு அட்டையும் குடுத்தாங்க, இங்கிலீஷ்ல. டாக்டரம்மா நெறைய சொன்னாங்க. தெனம் எடை பாக்கணும்ங்கறது மட்டும் என் மண்டையில நின்னுச்சு. அட்டைய ரேஷன் கார்டு இருக்குற தகர டப்பாவுல பத்திரமா வச்சேன்.

எங்க வீட்டுல எடை மெஷினு ஏது? தெருமுனை மாவு மில்லுல மூட்டை நிறுக்குற தராசுல அண்ணன ஏத்தி நிறுத்துவேன். கருவாடா காஞ்சு கெடந்த ஆளு. மூணாவது வாரத்துல எடை ஏற ஆரம்பிச்சுச்சு. நம்பர பீரோ கதவுல சாக்பீஸால எழுதுவேன். ஏற ஏற நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வச்சேன். "எங்கண்ணனுக்கு கன்னம் வந்துருச்சு பாருங்க"ன்னு தெருவெல்லாம் சொன்னேன். காலு வீங்கியிருந்துச்சு. அதச் சதைன்னு நெனச்சேன். அப்புறம் காய்ச்சல். அப்புறம் மூச்சு வாங்குச்சு. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனப்ப டாக்டரம்மா கேட்ட மொத கேள்வி, "எடை ஏறுச்சா?"

நான் சந்தோஷமா "ஆமாங்க, ஆறு கிலோ"ன்னேன்.

அந்தம்மா மூஞ்சி மாறுனது இன்னும் என் கண்ணுல நிக்குது. மாத்திரை வேலை செய்யும்போது சில பேருக்கு இப்பிடி நீர் கோத்துக்குமாம். சீக்கிரம் வந்தா சரி பண்ண வழி இருக்காம். மாத்திரை நல்லா வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சும்மான்னு அந்தம்மா சொன்னாங்க.

சரி. இப்ப பயணம்.

ஜோகூர் பாரு பஸ் ஸ்டாண்டுல எறங்குனதுமே பசி. வாழை எலையில கூம்பு மாதிரி மடிச்சு சோத்துப் பொட்டலம் விக்கிறாங்க. நாசி லெமாக். தேங்காப்பாலு சோறு, அது மேல நெத்திலி, கடலை, செவப்பா ஒரு தொவையல். காரம்னு நெனச்சு வாயில வச்சா இனிக்குது. இனிக்குதேன்னு அள்ளுனா அப்புறம் காதுல புகை வருது. எங்கூருல காரம் வாசல்லயே நின்னு திட்டும். இங்க உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுத்தான் அடிக்குது.

கோத்தா திங்கி பஸ்ஸுல ஏறுனேன். பாதி வழியில ஒரு ஊரு வந்துச்சு, எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எறங்கிட்டேன். எங்கூருல கூட்டம் எறங்குனா அதான் ஊரு. பஸ் நகந்தப்புறந்தான், முறுக்கும் பருப்புப் பொடியும் வச்சிருந்த பை உள்ளயே இருக்குன்னு நெனப்பு வந்துச்சு. கத்திக்கிட்டே ஓடுறேன். கொஞ்சத் தூரத்துல பஸ் நின்னுச்சு. என் பக்கத்துல உக்காந்திருந்த மலாய்க்கார அம்மா படியில நின்னுக்கிட்டு ஒரே சத்தம். எனக்கு மலாய் தெரியாது. ஆனா அந்தக் கையாட்டுறதுலயே புரிஞ்சுபோச்சு. "பொண்ணே, டிக்கெட்டுல கோத்தா திங்கின்னு போட்டுருக்கு, நீ எங்க எறங்குற, அறிவிருக்கா, ஏறு மேல!" ஏறி உக்காந்ததும் ஒரு பச்சைப் பணியாரத்த என் கையில வச்சு, சாப்புடுன்னு வாயக் காட்டுனாங்க. கடிச்சேன், உள்ளேருந்து வெல்லப்பாகு பீச்சி அவங்க முக்காட்டுலயே பட்டுச்சு. அதுக்கும் சிரிச்சாங்க.

வழியெல்லாம் செம்பனை, எண்ணெ எடுக்குற பனை மரம். எங்கூருல கண்ணுக்கெட்டுன வரைக்கும் கருவேலம். இங்க அதே மாதிரி, ஆனா பச்ச.

கோத்தா திங்கியில மணியம் வீட்டுக்காரம்மா வந்து நின்னாங்க. லெட்சுமின்னு பேரு. குட்டையா, வேகமா, சிரிச்ச மொகம்.

"மாரியா? அலமாக், பாண்டி மூஞ்சியேலா! வா வா, காடியில ஏறு."

அலமாக்னா அடேயப்பா, காடின்னா காரு, பேச்சு முடியுற எடத்துல ஒரு 'லா' போட்டுக்கிறாங்க. பழைய காரு, உக்காந்தா ரோடு முதுகுல இடிக்கிற உயரம். வீடு ஆத்துக்குப் பக்கத்துல. செவுத்துல இடுப்பளவுக்கு ஒரு மங்கலான கோடு ஓடுது. "வெள்ளம் வந்த கோடு. பெயிண்ட் அடிச்சாலும் போவமாட்டேங்குது"ன்னாங்க.

உள்ள மணியம் நாக்காலியில உக்காந்திருந்தாரு. போன்ல வீடியோவுல பாத்தப்ப எலும்பும் தோலுமா இருந்தவரு. இப்ப மூஞ்சி வட்டமா, பளபளன்னு. எனக்கு என்ன தோணுச்சுன்னு உண்மையச் சொல்றேன். மொதல்ல சந்தோஷம். அடுத்த நிமிஷம் வயித்தெரிச்சல். ஒரே நோவு, ஒரே வார்டு, இவரு தேறிட்டாரு, எங்கண்ணன் தேறல. அப்பிடி நெனச்சதுக்கு ஒடனே வெக்கமாவும் இருந்துச்சு.

"வணக்கம் மாமா"ன்னேன்.

"மாமாவா?" அவரு பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தாரு. "லெட்சுமி, இந்தப் புள்ள மாமாங்குது. நமக்குக் கட்டிக் குடுக்கப் பையன் இல்லையே, ரெண்டும் பொண்ணால்ல பெத்து வச்சிருக்கோம்?"

"இங்க எல்லாரும் அங்கிள், ஆண்ட்டிதாம்மா"ன்னு அந்தம்மா சொன்னாங்க.

"இருக்கட்டும்லா. மாமா நல்லாத்தான் இருக்கு"ன்னாரு அவரு. அதுலருந்து மாமா, அத்தைதான். பொண்ணுங்க ரெண்டும் சிங்கப்பூர்ல வேலை பாக்குறாங்களாம், மாசம் ஒருக்கா வருவாங்களாம்.

அண்ணன் பெட்டி மூலையில இருந்துச்சு, மேல ஒரு துணி விரிச்சு. தொறக்குறியான்னு கேட்டாங்க. அம்மாதான் தொறக்கணும்னு சொல்லிட்டேன். தொட்டு மட்டும் பாத்தேன்.

ரெண்டாம் நாளு காலங்காத்தால அத்தை "பசியாறியாச்சா, கெளம்பு"ன்னு என்னய மாசாய்க்குக் கூட்டிட்டுப் போனாங்க. அண்ணன் இருந்த எடத்தப் பாக்கணும்னு நான் கேட்டிருந்தேன். மாமா வரல. ராத்திரி இருமல்னு சொன்னாரு.

அண்ணன் இருந்தது ஒரு உசரமான ஃபிளாட்டுல நாலாவது மாடி. கீழ வரிசையா மோட்டார் சைக்கிளு, எண்ண முடியாது. ஜன்னல்ல இப்ப வேற யாரோ சட்டை காயுது. நின்னு பாத்தேன், அவ்வளவுதான். பக்கத்துல அண்ணன் தெனம் சாப்புட்ட கடை. கடைக்கார பாய்க்குத் தொண்டிப் பக்கம் பூர்வீகம். எங்கூருலருந்து ஒரு பஸ்ஸு தூரம்.

"பாண்டி தங்கச்சியாம்மா? ரொட்டிய சால்னாவுல முக்கி, அது மேல சீனியும் போட்டு சாப்புடுமே, அந்தப் பாண்டியா?"

"ஆமா பாய், வீட்டுலயும் இட்லிக்கு அப்பிடித்தான்."

"நானும் எத்தன தடவ சொல்லிருக்கேன், இது ரொட்டிக்கே அவமானம்டான்னு." சொல்லிட்டு உள்ள போனவரு கொஞ்ச நேரம் வெளிய வரல. வந்தப்ப கையில ரொட்டி, பக்கத்துல சால்னா, அது பக்கத்துல ஒரு கிண்ணத்துல சீனி. நான் அண்ணன் மாதிரியே சாப்புட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப அத்தை கார் ஓட்டிக்கிட்டே சந்தோஷமா பேசுனாங்க. மாமாவுக்கு நோவு வர்றதுக்கு முன்னாடி எழுவது கிலோவாம். ஊசி போட்டு அறுவத்தி ஒண்ணுக்கு எறங்கிட்டாராம். மறுபடி எழுவது தொட்டா முனியாண்டிக்குக் கோழி அறுக்குறேன்னு அத்தை வேண்டியிருக்காங்க.

"இன்னைக்கு அறுவத்தெட்டரைம்மா. கோழி வாங்கி பின்னாடி கட்டியாச்சு. திங்கக்கிழமை டாக்டர் அப்பாயின்மெண்ட். சொல்லாம கொள்ளாம போயி மெஷின்ல ஏத்தி அசத்தணும்லா."

எனக்கு அப்பவும் தோணல. மாமாவுக்கு ஊசி மருந்துதான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நல்லாருக்கட்டும் அத்தைன்னு சொன்னேன். மனசார சொன்னேன்.

மூணாம் நாளு விடியறதுக்கு முந்தியே மழை. எங்கூருல மழை வந்தா வாசல்ல நின்னு வேடிக்கை பாப்போம். இங்க மழை பெய்யுறத ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. அத்தை அடுப்படியில தேங்கா திருவுறாங்க. பின்னாடி கோழி கூவுது.

மாமா எடை மெஷின்ல ஏறுனாரு. அத்தை குனிஞ்சு பாத்துட்டு, கையத் தட்டி, "எழுவது! எழுவதுலா!"ன்னு குதிச்சாங்க. மாமா சிரிச்சாரு. மெஷின விட்டு எறங்கி நாக்காலிக்கு வர்றது நாலு எட்டு. அந்த நாலு எட்டுக்கு மூச்சு வாங்குச்சு. உக்காந்து இருமுனாரு.

அத்தை தண்ணியும் ஒரு மாத்திரையும் கொண்டாந்து குடுத்தாங்க.

"என்ன மாத்திரை மாமா?"

"உங்க அண்ணன் சாப்ட்டுச்சே, அந்த மாதிரிதாம்மா. எனக்கு இங்க குடுத்து மூணு வாரமாச்சு. பாண்டிகிட்ட சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள..." அப்பிடியே பேச்ச மாத்திட்டாரு. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே என்சைம்தான் கெட்டுப்போச்சு. டாக்டர் சொன்னது எனக்கு நல்லா வெளங்குச்சு. செம்பனைக்கு நாத்து மேடை இருக்குல்ல? எலும்புக்குள்ள அது மாதிரிதான். நாத்து வளந்து மரமாவணும். இந்தக் கெட்ட என்சைம் என்ன பண்ணுது, ஒரு விஷச் சரக்கக் காச்சி நாத்துக்கு ஊத்துது. அத குடிச்சுட்டு எல்லாம் நாத்தாவே நிக்குது. மேடை ரொம்பிப் போவுது, காய்க்குற மரம் ஒண்ணுமில்ல. அதான் நோவு. ஊசி மருந்து மேடையவே கொளுத்துது. இந்த மாத்திரை நாத்தத் தொடாது. சரக்கு காச்சுறவன் கையத்தான் கட்டிப் போடுது. நாத்து அதுவா வளரும்."

எனக்கு இத யாரும் இப்பிடிச் சொல்லல. எங்கண்ணன் உடம்புல நடந்தது என்னன்னு, அண்ணன் போனப்புறம், கோத்தா திங்கியில உக்காந்து தெரிஞ்சுக்கிறேன்.

அப்பத்தான் காலண்டரப் பாத்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி தொங்குது. ஒவ்வொரு கட்டத்துலயும் அத்தை செவப்புப் பேனாவுல நம்பர் எழுதியிருக்காங்க. காலண்டர்ல இருந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பர் தெரியும். அறுவத்திரெண்டு, அறுவத்திரெண்டு, அறுவத்திரெண்டரை. அப்புறம் நாலஞ்சு நாளா அறுவத்தி நாலு, அறுவத்தாறு, அறுவத்தெட்டரை. இன்னைக்குக் கட்டத்துல எழுவதுன்னு எழுதிப் பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருந்தாங்க.

எங்க வீட்டு பீரோ கதவு அப்பிடியே எந்திரிச்சு இங்க வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

நான் துக்க வீட்டுக்காரி. வருஷம் திரும்பல. சாமிக்குக் கோழி கட்டிப் போட்டிருக்குற வீட்டுல நின்னுக்கிட்டு, இது நல்லதுக்கு இல்லன்னு எப்பிடிச் சொல்றது? ஒருவேளை இது நெசமாவே சதையா இருந்தா? எனக்கு என்ன தெரியும், எட்டாவது படிச்சவ.

மாமா கால்கிட்டப் போயி உக்காந்தேன். கட்டை விரலால கெண்டைக்கால் முன்னாடி எலும்பு மேல அமுக்குனேன். எடுத்தேன். பிசைஞ்ச மாவுல அமுக்குன மாதிரி குழி அப்பிடியே நின்னுச்சு.

"என்னம்மா, கால்ல விழுற?"ன்னு மாமா சிரிச்சாரு.

"மாமா, இது சதை இல்ல. தண்ணி. எங்கண்ணனுக்கும் இப்பிடித்தான் ஏறுச்சு. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அத்தை அடுப்படியிலருந்து தேங்கா மூடியோட வெளிய வந்தாங்க.

"என்ன பேசுற நீ?"

"அத்தை, கன்னம் வந்துருச்சுன்னு நானும் இப்பிடித்தான் கூத்தாடுனேன்."

"வாய மூடு. நல்ல நாளும் அதுவுமா..." அவங்க காலண்டரக் காட்டுனாங்க. "ஒங்க வீட்டுல நடந்தா எல்லா வீட்டுலயும் நடக்கணுமா? டாக்டர் எடை பாக்கச் சொன்னாங்க, நான் ஒரு நாள் விடாம பாக்குறேன். ஏறுதான்னு பாக்கத்தானே சொன்னாங்க?"

அந்தக் கடைசி வார்த்தையக் கேட்டதும் நான் அழுதுட்டேன். நானும் அப்பிடியேதான் நெனச்சேன் அத்தை, அட்சரம் பிசகாம அப்பிடியேதான்னு சொன்னேன்.

மாமா கையத் தூக்குனாரு. "லெட்சுமி. அந்தக் கார்டு எங்க?"

"சாமி படத்துக்குப் பின்னாடி."

"எடுத்துப் படி."

அது மலாய் அட்டை. அத்தைக்குப் படிக்கத் தெரியும். எடுத்து, கண்ணாடியப் போட்டு, ஒவ்வொரு வரியா எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாங்க. "காய்ச்சல். இருமல், மூச்சுத் திணறல். கை கால் வீக்கம்." மாமா காலத் திரும்பிப் பாத்தாங்க. "திடீர்னு எடை கூடுறது. இதுல எது இருந்தாலும், நாள் பாக்காம ஒடனே கூப்பிடுங்க."

அதுக்குள்ளயே போன எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் நர்ஸ் பேசுனது எனக்குக் கேட்டுச்சு, புரியல. அத்தை போன வச்சுட்டு சொன்னாங்க: "எத்தன கிலோ கூடுச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். ஏன் இன்னும் வீட்டுல நிக்கிறீங்க, இப்பவே வாங்கங்கறாங்க."

வாசலுக்கு ஓடுனா ரோட்டுல தண்ணி. கார் கதவு அளவுக்கு நிக்குது. அந்தக் காரு இதுல போனா மெதக்கும். அத்தை வேலிக்கிட்ட நின்னு பக்கத்து வீட்டுக்காரரப் பேரு சொல்லிக் கத்துனாங்க. ஒஸ்மான்னு மலாய்க்காரரு, மாமாவோட பல வருஷம் லோரி ஓட்டுனவரு. கைலியோட வந்தாரு, மாமா மூஞ்சியப் பாத்தாரு, ஒரு கேள்வி கேக்கல. பின்னாடி செம்பனைக் கொலை ரொம்பி நிக்குற லோரிய எடுத்துட்டு வந்துட்டாரு.

முன்னாடி சீட்டுல நாலு பேரு. ஒஸ்மான், மாமா, அத்தை, அத்தை மடியில பாதி நான். லோரி தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போகுது, ரெண்டு பக்கமும் அலை. செம்பனைப் பழம் மழையில நனைஞ்சு ஒரு புளிச்ச எண்ணெ வாசம். ஒஸ்மான் எதையோ சொல்ல, மாமா மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சாரு.

"என்ன சொல்றாரு?"ன்னு அத்தைகிட்ட கேட்டேன்.

"மணியத்த எண்ணெ மில்லுல எறக்கவா, ஆஸ்பத்திரியில எறக்கவா, ரெண்டுமே எடை போட்டுத்தான் உள்ள விடுவான்ங்கறாரு." சொல்லிட்டு அத்தையும் சிரிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. என் கைய விடல.

ஜோகூர் பாரு ஆஸ்பத்திரி வாசல்ல செம்பனை லோரி வந்து நின்னத காவலாளி வாழ்க்கையில மறக்கமாட்டாரு. உள்ள சீனக்கார டாக்டரம்மா ஒருத்தவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. மாமா கால அமுக்கிப் பாத்தாங்க, நான் அமுக்குன அதே எடத்துல. நெஞ்சுப் படம் எடுத்தாங்க. படம் வர்றதுக்கு முந்தியே ஒரு ஊசி போட்டாங்க. இதுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்கக் கூடாதாம், சந்தேகம் வந்தாலே அந்த ஊசியாம்.

அப்புறம் அத்தைகிட்ட மெதுவா விளக்குனாங்க. அத்தை எனக்குச் சொன்னாங்க. நாத்தா நின்னதெல்லாம் இப்ப ஒரே நேரத்துல வளருதாம். அதுங்க முட்டி மோதுறதுல உடம்பெல்லாம் நீர் கசியுதாம், நெஞ்சுலயும். மாத்திரை வேலை செய்யலைன்னு இல்ல, செய்யறதாலதான் இது. எடை எழுதி வச்சது ரொம்ப நல்லது, ஏறுறத மட்டும் தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னாங்க.

"கண்டுபுடிச்சது யாருன்னு கேட்டாங்க"ன்னு அத்தை சொன்னாங்க. "எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன்."

நான் வெளிய போயி ஒரு பெஞ்சுல உக்காந்தேன். மாத்திரை வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சும்மான்னு மதுரையில சொன்னதுக்கு அன்னைக்குத்தான் எனக்கு முழு அர்த்தமும் ஏறுச்சு. அண்ணனுக்குள்ளயும் வளந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. அத்தை வந்து ஒரு பிளாஸ்டிக் பையில கட்டுன தேத்தண்ணியக் குடுத்தாங்க. இங்க டீயப் பையில ஊத்தி, குழாய சொருவித் தர்றாங்க. கைய சுட்டுச்சு. குடிச்சேன்.

"காலையில நான் பேசுனத மனசுல வச்சுக்காத."

"நீங்களாவது திட்டுனீங்க அத்தை. நான்லாம், சொன்னவங்கள வீட்டுக்குள்ளயே விட்டிருக்கமாட்டேன்."

அடுத்த மூணு நாளும் வார்டுதான். வெளியூரு வந்து ஆஸ்பத்திரிதான் பாத்தியான்னு கேக்காதீங்க, எனக்கு அது புடிச்சிருந்துச்சு. மாமாவுக்கு நீர் எறங்குற மருந்து குடுத்ததுல அரை மணிக்கு ஒருக்கா பாத்ரூம். அளந்து பாக்க ஒரு டப்பா. டப்பா ரொம்ப ரொம்ப அத்தைக்கு மொகம் மலருது. எதுத்த கட்டில் ஆளுகிட்ட, "எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு மூணு கிலோ கொறைச்சுட்டாரு"ன்னு பெருமை வேற. முந்தாநாள் வரைக்கும் ஏத்துறதுக்குக் கோழி நேந்த பொம்பளை.

"அந்தக் கோழிய என்ன பண்றது?"ன்னு நான் கேட்டேன்.

"முனியாண்டிகிட்ட பேசியாச்சு. டாக்டர் எப்ப நல்லாருக்குன்னு சொல்றாங்களோ அப்பத்தான்லா. எடையெல்லாம் அவருக்கும் வேணாமாம்."

"கோழிக்கு ஆயுசு கெட்டி"ன்னாரு மாமா. மூச்சு வாங்காம சொன்னாரு.

ரத்தம் எடுத்துப் பாத்ததுல, வளந்த நல்ல செல்லு கூடியிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் போகப் போகத்தான் தெரியும், இப்பவே ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க. மாத்திரைய நிறுத்தல. அறுவத்தி நாலுல மாமாவ வீட்டுக்கு அனுப்புனாங்க. மூஞ்சி பழையபடி ஒட்டிப் போயிருந்துச்சு. அத்தை அந்த ஒட்டுன கன்னத்தப் புடிச்சு, "இப்பத்தான் எம்புருஷன் மாதிரி இருக்கு"ன்னாங்க.

நான் கெளம்புற அன்னைக்குக் காலையில மாமா மெஷின்ல ஏறுனாரு. அத்தை செவப்புப் பேனாவ எங்கிட்ட நீட்டுனாங்க. காலண்டர்ல நான்தான் எழுதுனேன். அறுவத்தி மூணரை. பூ வரையத் தெரியாது, ஒரு புள்ளி வச்சேன்.

ஏர்போர்ட்டுல அண்ணன் பெட்டியத் தூக்கி எடை மெஷின்ல வச்சாங்க. பத்தொம்பதுன்னு காட்டுச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு சீட்டு ஒட்டுற வரைக்கும் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு நின்னேன்.

வீட்டுல அம்மா பெட்டியத் தொறந்துச்சு. வெல்டிங் கையுறை, ரெண்டு சட்டை, அம்மாவுக்கு ஒரு நீலச் சேலை, எனக்குச் சுத்துன தாள் பிரிக்காத ஒரு கைக்கடியாரம். அம்மா சட்டைய மோந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு. நான் அம்மாகிட்ட எடை விஷயத்த அன்னைக்குத்தான் முழுசா சொன்னேன், மாவு மில்லு, கோழிக் கொழம்பு, எல்லாம். அம்மா சட்டைய மடிச்சு மடியில வச்சுச்சு. அப்புறம், "அவருக்கு எறங்கிருச்சுல்ல?"ன்னு மட்டும் கேட்டுச்சு. எறங்கிருச்சும்மான்னேன்.

இப்ப தெனம் காலையில நான் கண்ணு முழிக்கிறப்ப போன்ல ஒரு போட்டோ வந்து கெடக்கும். மாமாவோட ரெண்டு கட்டை விரலு, நடுவுல ஒரு நம்பரு. பீரோ கதவுல அண்ணன் நம்பர நான் அழிக்கல. அதுக்குக் கீழ எடம் இருந்துச்சு, அங்க எழுதிட்டு வர்றேன். இன்னைக்கு அறுவத்தி மூணு.

எழுதிட்டு, கால அமுக்கிப் பாத்தீங்களா மாமான்னு பேசி அனுப்புனேன்.

பதில் ஒடனே வந்துச்சு. பின்னாடி கோழி கூவுற சத்தம். "பாத்தாச்சும்மா. குழி விழல. நீ பசியாறியாச்சா?"